நான்கு வரிக் கதை

கதை எழுதுகிறவனிடம் ஊரார் கேட்கிற உதவிகளுக்கு அளவே கிடையாது. ஓய்வு பெறுகிற ஆசிரியருக்கு வாழ்த்து மடல், காதுகுத்துப் பத்திரிகைக்கு இரண்டு வரி, தண்ணீர் வராத தெருவுக்காக நகராட்சிக்கு ஒரு மனு, இப்படி ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நான் இதுவரை முகம் சுளித்ததில்லை. எழுத்து என்பது தச்சு வேலையைப் போல, கொல்லு வேலையைப் போல ஒரு கைத்தொழில்தான் என்று நினைக்கிறவன் நான். ஊரில் தச்சனிடம் முக்காலியும் கேட்பார்கள், முளைக்குச்சியும் கேட்பார்கள். ஆனால் சில சமயம் முக்காலியும் முளைக்குச்சியும் அல்லாத வேறொன்றையும் கேட்டு வருவதுண்டு. 'உங்களுக்குத்தான் இல்லாததை இருப்பதாக எழுத வருமே' என்ற முன்னுரையோடு அந்த வேண்டுகோள் வரும். அப்போதுதான் எனக்கு என் தொழிலைப் பற்றியே கொஞ்சம் யோசனை உண்டாகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லும் பொய், பொய்தானா? இந்தக் கேள்வியை நம் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் சிரிப்பார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். மளிகைக் கடைக்காரர் தவறிப்போய்ப் பத்து ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பி நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொண்ட காசை எத்தனை முடை வந்தாலும் தொடாதவர்கள். அவர்களே இன்சூரன்ஸ் என்றால், 'நாம கட்டின பணத்தைத்தானே கேக்கிறோம்' என்கிறார்கள். நேர்மையான மனிதர்கள் கூட்டமாக ஒரே இடத்தில் நேர்மையைக் கழற்றி வைக்கிறார்கள் என்றால், அந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டியதாகிறது.

என் பக்கத்து வீட்டுத் தம்பி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குகிற சாதி அல்ல. இன்னும் ஏதாவது செய்து நாலு காசு பார்க்க வேண்டும் என்ற துடிப்புள்ளவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கிப் பழைய கார் ஒன்று வாங்கினார். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளை போர்டு வண்டி. ஆனால் சொந்த உபயோகத்துக்காக மட்டும் தவணை கட்ட எந்த மில் தொழிலாளியால் முடியும்? தெரிந்தவர்கள் கல்யாணம் என்று கேட்பார்கள், ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள், கோயில் என்று கேட்பார்கள். போய் வருவார். பெட்ரோலுக்கு என்று சொல்லிக் கையில் வைப்பதில் பெட்ரோலும் இருக்கும், பெட்ரோல் அல்லாததும் இருக்கும். மஞ்சள் போர்டு போட்டால் பெர்மிட், எஃப்.சி., கூடுதல் வரி, கூடுதல் பிரீமியம் என்று வரிசையாக நிற்கும். மாதத்தில் நாலைந்து ஓட்டம் ஓடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. நம் பக்கத்துச் சிற்றூர்கள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் இருக்கிறது. வாடகைக் கார்க்காரர்கள் இதைக் கண்டு வயிறெரிகிறார்கள். அவர்கள் எரிவதிலும் நியாயம் இருக்கிறது.

ஓர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. எங்கள் தெருக் குடும்பம் ஒன்றை, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஐந்து பேரை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இடப்பக்கம் மலை கூடவே வரும், அலுப்பில்லாத சாலை. ஆனால் திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை அது. ஜல்லியும் மணலும் ஏற்றிய டிப்பர்கள் ஓயாமல் ஓடுகின்றன. முன்னால் போன ஒன்றிலிருந்து நெல்லிக்காய் அளவுக் கல் ஒன்று தெறித்து முன்கண்ணாடியில் விழுந்தது. டிப்பர் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் என்ன கேட்பது? கல்லில் முகவரி எழுதியிருக்கவில்லை.

கண்ணாடி உடைந்து உள்ளே விழவில்லை. இதற்கு ஒரு பிரெஞ்சுக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். எட்வார் பெனடிக்டஸ் என்ற அந்த ரசாயன விஞ்ஞானி 1903-ஆம் ஆண்டில் ஒரு நாள் தம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கை தவறிக் கீழே போட்டார். குடுவை விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து மெல்லிய தோலாகப் படிந்து, சில்லுகளைப் பிடித்து வைத்திருந்ததாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு சவ்வை வைத்து ஒட்டும் முறைக்கு 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். சவ்வின் சரக்கு பிற்பாடு மாறிவிட்டது, யோசனை அதேதான். நம் காரின் முன்கண்ணாடி இன்றைக்கும் உடைகிறது, ஆனால் ஆளைக் குத்துவதில்லை.

இப்படிப்பட்ட கண்ணாடியில் விழுந்த சிறு பொத்தலை உடனே கவனித்தால் பிசின் ஏற்றி அடைத்துவிடலாம். விரிசல் ஓட ஆரம்பித்துவிட்டால் முடியாது. தம்பியின் கண்ணாடியில் காலையில் சாண் அளவு இருந்த கோடு, கோயில் வாசலில் வெயிலில் நின்று, திரும்பி வரும்போது ஏ.சி. குளிர்ச்சி பட்டு, சாயங்காலத்துக்குள் முழ நீளம் ஆகிவிட்டது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே அது. கண்ணாடி, ஒட்டும் பசை, கூலி எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். கூடவே, 'இன்சூரன்ஸ் இருக்கில்ல, பிறகு என்ன கவலை?' என்றும் சொன்னார்கள்.

அன்று இரவு எட்டரை மணிக்குத் தம்பி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நாலு வரி எழுதிக் கொடுக்கணும்."

"என்ன எழுத?"

"எப்படி நடந்ததுன்னு ஒரு தாள்ல எழுதிக் கேக்கிறாங்க. வாடகைக்குப் போனேன்னு எழுத முடியாதில்ல. சித்தி குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு சாமி கும்பிடப் போனேன்னு எழுதணும். நான் எழுதினா எங்கேயாவது உளறிருவேன். நீங்க எழுதினா நம்பும்படியா இருக்கும்."

கேட்டவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவர் பேசி முடிப்பதற்குள் என் மனம் அந்த நாலு வரியை எழுதத் தொடங்கிவிட்டது. சித்திக்கு நெடுநாள் வேண்டுதல். குழந்தைக்கு முடி இறக்கவில்லை. கிருஷ்ணன்கோவில் வரை போய்விட்டு வரலாம் என்று சித்தப்பா சொன்னது. இதெல்லாம் வரிசையாக வந்து நின்றன. தொழில் பழக்கம்! வில்லைக் கையில் கொடுத்துவிட்டு நாணை இழுக்காதே என்றால் முடியுமா? ஆனால் காகிதத்தை எடுக்கவில்லை. 'நாளைக்குப் பேசுவோம் தம்பி' என்றேன். அவர் போன பிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

நான் இருபது வருஷமாகப் பொய் எழுதிச் சம்பாதிக்கிறவன். நான் எழுதிய நாவல்களில் வருகிற ஒரு மனிதரும் பிறந்ததில்லை. அவர்கள் இறந்தபோது வாசகிகள் எனக்கு எழுதிய கடிதங்களில் கண்ணீர்த் துளி உண்மையாகவே காய்ந்திருந்தது. அப்படியானால் என் பொய்க்கும் தம்பி கேட்ட பொய்க்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் எழுதுகிறவனிடத்தில் இல்லை, வாசிக்கிறவரிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் வாசகர் அட்டையைத் திருப்பும்போதே, 'சொல், நான் ஏமாறச் சம்மதம்' என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். புத்தகத்தை மூடும்போது அவர் ஏமாற்றமும் மூடிக்கொள்கிறது. இன்சூரன்ஸ் ஆபீசில் அந்தத் தாளை வாசிக்கிற குமாஸ்தாவோ சர்வேயரோ அப்படிச் சம்மதம் கொடுக்கவில்லை. அவரும் ஒரு வாசகர்தான். ஆனால் தாம் கதை வாசிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. என் கைத்திறமை நன்றாக இருக்க இருக்க, அவருக்குச் செய்கிற அநியாயமும் கூடிக்கொண்டே போகும்.

மறுநாள் இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். எங்கள் ஊர் மில் தொழிலாளிகளுக்கு நூல் இழையோடு திருக்குறளும் பரிச்சயம். நன்மை தருமானால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறாரே என்றார். பொய் சொல்லத் தமிழர் எடுக்கிற அனுமதிச் சீட்டு பெரும்பாலும் அந்தக் குறள்தான். ஆனால் வள்ளுவர் வெறும் நன்மை என்று விடவில்லை; குற்றமற்ற நன்மை என்று ஓர் அடைமொழியைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போலப் போட்டு வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷமாக நாம் தாழ்ப்பாளை விட்டுவிட்டுக் கதவை மட்டும் படித்து வருகிறோம்.

"இதில யாருக்கு என்ன குற்றம் அண்ணாச்சி? கல்லு விழுந்தது பொய்யா? கண்ணாடி உடைஞ்சது பொய்யா? சித்தி மட்டும்தானே பொய்?"

நியாயமான கேள்வி. இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வண்டியில் வாடகை கொடுத்தவர் இருந்ததனால் கல் விழவில்லை. சொந்தச் சித்தி இருந்திருந்தாலும் அதே கல் அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். இரண்டு வருஷமாகப் பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். நஷ்டம் மெய், தொகை மெய். ஒரு சொல் மட்டும் மாறினால் பணம் வரும். அந்தச் சொல்லுக்காக ஒரு தொழிலாளியின் அரை மாதச் சம்பளத்தைப் போகவிடு என்று சொல்ல, திண்ணையில் சாய்ந்திருக்கிற எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே அந்தப் பணம் யாருடையது என்று பார்க்க வேண்டும். 'கம்பெனி பணம்' என்கிறோம். கம்பெனி என்றால் மனசில் வருவது ஒரு பெரிய கட்டடம், குளிர்ந்த அறை, டை கட்டிய ஒருவர். நம் நாட்டில் முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனி 1850-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட டிரைட்டன். வெள்ளைக்காரர்களுடையது. பிறகு வந்த 107 கம்பெனிகளை அரசாங்கம் 1973 ஜனவரி முதல் தேதியிலிருந்து தேசியமாக்கி நான்கு கம்பெனிகளாகத் திரட்டியது. நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. 2000-க்குப் பிறகு தனியார் மறுபடியும் வந்தார்கள். முதலில் வெள்ளைக்காரன் பணம், பிறகு சர்க்கார் பணம், இப்போது பணக்காரன் பணம். எந்தக் காலத்திலும் அது நமக்கு 'நம் பணம்' என்று தோன்ற வாய்ப்பே வரவில்லை.

ஆனால் இன்சூரன்ஸ் என்ற யோசனை நமக்கு அந்நியமானதா? மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். மதுரைப் பக்கத்திலும் நம் விருதுநகர்ச் சீமையிலும் கல்யாணப் பந்தல் வாசலில் மேஜை போட்டு ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். இன்னார், இன்ன ஊர், இவ்வளவு ரூபாய். இன்றைக்கு என் வீட்டுச் செலவை ஊர் தாங்குகிறது. நாளைக்கு உன் வீட்டுச் செலவில் நான் ஒரு பங்கு தாங்குவேன். பலர் சிறிது சிறிதாகப் போட்டு, பாரம் வந்தவனிடம் கொடுப்பது. இன்சூரன்ஸின் உயிர்நாடி இதுதான், மற்றதெல்லாம் காகிதம். மொய் நோட்டில் பொய்க் கணக்கு எழுதியவனை நான் கேள்விப்பட்டதில்லை. கடன் வாங்கியாவது திருப்பிச் செய்துவிடுவார்கள். ஏன்? அங்கே ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு முகம் இருக்கிறது. இன்ன ரூபாய் இன்ன மாமாவுடையது என்று நோட்டைத் திறந்தால் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெட்டியிலும் அதே மாமாக்கள் போட்ட பணம்தான் கிடக்கிறது. முகத்தை மட்டும் துடைத்து எடுத்துவிட்டார்கள். நம் நேர்மையில் பெரும்பகுதி நாம் நினைத்ததுபோல உண்மையின் மீது வைத்த பக்தி அல்ல, முகத்துக்கு முன்னால் வருகிற கூச்சம்தான் என்பது இந்த ஓர் இடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியும். பெரியாழ்வார் கையில் இருந்த மாலை வாடவில்லை, கசங்கவில்லை. மகள் சூடிப் பார்த்துவிட்டு வைத்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒரு தலைமயிர். அதைக் கண்டதும் அவர் அந்த மாலையைக் கொண்டுபோய்ச் சாத்த மனமில்லாமல் கலங்கினார் என்கிறது கதை. பிறகு அந்த மாலைதான் எனக்கு வேண்டும் என்று பெருமாளே கேட்டது வேறு விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

சட்டத்திலும் இந்தக் கலக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சுமத்திரா தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர், ஐரோப்பியப் பகைவர் யாராவது அதைப் பிடித்துக்கொண்டால் தமக்கு வரும் நஷ்டத்துக்காக லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்தார். கார்க் கண்ணாடிக்கு எடுப்பது போலக் கோட்டைக்கு! 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தும் விட்டார்கள். பணம் தர வேண்டிய சார்லஸ் போம், 'கோட்டை எவ்வளவு பலவீனமானது என்பதை இவர் எனக்குச் சொல்லவில்லை' என்று மறுத்தார். 1766-இல் தீர்ப்புச் சொன்ன மான்ஸ்பீல்டு பிரபு கவர்னருக்குப் பணம் கொடுக்கச் சொன்னார். கோட்டையின் நிலை லண்டனில் இருக்கிறவரும் விசாரித்து அறியக் கூடியதே என்பது அவர் கருத்து. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்றுவரை நினைக்கப்படுவது வேறொன்றுக்காக. இன்சூரன்ஸ் ஒப்பந்தம் மற்ற ஒப்பந்தங்களைப் போன்றதல்ல; ஒருவன் அறிந்ததை மற்றவன் அறிய முடியாது; ஆகையால் இரண்டு பக்கமும் முழு நம்பிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் வகுத்துச் சொன்னார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். இன்சூரன்ஸ் விற்கிறவன் ராஜபாளையத்துச் சாலையில் விழுந்த கல்லைப் பார்க்க முடியாது. தம்பியின் வாயிலிருந்து வருவதுதான் அவனுக்குக் கல்.

இரண்டு பக்கமும் என்று சொன்னாரே, அதைக் கம்பெனிகள் மறந்துவிடுகின்றன. பாலிசி எழுதும்போது தேன் ஒழுகப் பேசுகிற குரல், பணம் கேட்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் எதையோ காட்டுகிறது. தம்பிக்கு அந்த பாலிசியை விற்றவரே இரண்டு தடவை அவர் காரில் வாடகை கொடுத்துப் போனவர் என்பது எனக்குத் தெரியும். பொதுமக்கள் போட்ட பணத்தைக் காப்பவர்களும் எப்போதும் சுத்தமாக இருந்துவிடவில்லை. 1956-இல் எல்.ஐ.சி. பிறந்தது, அடுத்த வருஷமே முந்திரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் அதன் பணத்தைப் போட்ட விவகாரம் பாராளுமன்றத்தில் வெடித்தது. சக்லா விசாரணைக்குப் பிறகு, 1958-இல் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரிப் பதவியை விட்டு விலகும்படி ஆயிற்று. மேலே ஓட்டை இருக்கும்போது கீழே இருக்கிறவனிடம் மட்டும் வேதாந்தம் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் மேல்மாடி ஓட்டையைக் காட்டிக் கீழ்மாடியில் ஒரு துளை போட்டுக்கொண்டால், மழை இரண்டு வழியாகவும் வரும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

சரி, உண்மையை எழுதினால் என்ன நடக்கும்? இதை விசாரிக்க எங்கள் ஊர் வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். நான் நினைத்ததுபோல விஷயம் முற்றிலும் இருட்டாக இல்லை. சொந்த உபயோகத்துக்கென்று இன்சூர் செய்த வண்டியை வாடகைக்கு விட்டபோது பறிகொடுத்த ஒருவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வண்டி திருட்டுப் போனதற்கும் அது வாடகைக்கு ஓடியதற்கும் சம்பந்தமில்லை. நிபந்தனையை மீறியதற்காக முழுவதையும் மறுக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து கொடுக்கலாம் என்ற கீழ்த் தீர்ப்பை 2008-இல் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தம்பி திண்ணையில் கேட்ட அதே கேள்வியை டில்லியில் நீதிபதிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்ததும் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. ஆனால் எழுபத்தைந்து என்பது உறுதியான விலை அல்ல. கேட்டவுடன் கிடைப்பதும் அல்ல. மறுப்பார்கள், எழுத வேண்டும், நுகர்வோர் ஆணையம் என்று நடக்க வேண்டும். உண்மை பேசுகிறவனுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து ரூபாயும் சில வருஷங்களும் அபராதம். பொய் பேசுகிறவனுக்குப் பத்து நாளில் முழுத் தொகை. இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தவன், தம்பியோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதினேன். கதை அல்ல, கணக்கு. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. அதனால் 7,000 ரூபாயில் அவர் கட்டாயமாகச் சுமக்க வேண்டிய 1,000 போக 6,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் எதுவும் கேட்காததால் அவருக்கு இப்போது பிரீமியத்தில் நூற்றுக்கு 25 தள்ளுபடி நடக்கிறது. கேட்காமல் விட்டால் வருகிற வருஷம் 35, பிறகு 45, அப்புறம் 50. கேட்டால் அடுத்த வருஷம் பூஜ்யம், மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும். தள்ளுபடியைக் காப்பாற்றத் தனிக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு, தம்பி கட்டவில்லை. சொந்தச் சேதத்துக்கான அவருடைய பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னால் 6,000 ரூபாய். அது மாறாமல் இருக்குமானால், முதல் வருஷம் 2,100, இரண்டாம் வருஷம் 1,500, மூன்றாம் வருஷம் 1,500, பிறகு 900, பிறகு 300. கூட்டிப் பார்த்தால் 6,300. ஆறாயிரம் வாங்க ஆறாயிரத்து முந்நூறு கொடுக்கிற வியாபாரம்!

தம்பி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வள்ளுவரையெல்லாம் இழுத்திருக்க மாட்டேனே அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் சீட்டுப் பணத்தில் ஏழாயிரத்தை எடுத்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் கிழிந்துபோய், புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார். நான் பொய் எழுதாமல் தப்பினேன். ஆனால் எனக்கு ஜெயித்த உணர்ச்சி இல்லை. ஏனென்றால் அவர் விட்டது பொய்யை அல்ல, நஷ்டத்தை. கூட்டல் வேறு மாதிரி வந்திருந்தால் அவர் வேறு யாரையாவது வைத்து எழுதியிருப்பார். ஊரில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் அல்ல. பணம் கெட்ட காரியத்தைத் தடுக்கிற இடங்களில் நாம் தர்மம் ஜெயித்தது என்று மாலை போட்டுவிடுகிறோம். தர்மம் அங்கே வந்திருக்கவே இல்லை.

தம்பியும் சாமானியப்பட்டவர் அல்ல. சில நாள் கழித்து அவராகவே கேட்டார்: "கண்ணாடியா இல்லாம முன்பக்கமே நொறுங்கி, அறுபதாயிரம்னு வந்திருந்தா என்ன எழுதிக் கொடுத்திருப்பீங்க?"

நடந்ததை நடந்தபடி எழுதி, கடைசியில் 2008-ஆம் வருஷத் தீர்ப்பையும் குறிப்பிட்டு, நாற்பத்தைந்தாயிரமாவது கொடுங்கள் என்று கேட்டிருப்பேன் என்றேன். 'கிடைக்காமல் போனால்?' என்றார். கிடைக்காமல் போகலாம் தம்பி என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தில் என் மேல் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அடுத்த மாதம் என் மனைவியை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவர் அவர்தான். பெட்ரோலுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மறுத்துவிட்டார்.

நான் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அறுபதாயிரம் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் என் நினைவு போனது நொறுங்கிய வண்டிக்கு அல்ல. பின் சீட்டில் இருந்த அந்த ஐந்து பேருக்கு. வக்கீல் நண்பரின் மேஜையில் தம்பியின் பாலிசியைப் போல ஒன்றை முழுக்கப் படித்துப் பார்த்தேன். வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால் ஈடு உண்டு என்று ஒரு பகுதி சொல்கிறது. சொல்லிவிட்டு, அவர்கள் கூலிக்கோ வாடகைக்கோ ஏற்றப்பட்டவர்களாக இல்லாதிருந்தால் என்று அடைப்புக்குறி போட்டு முடிக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு ஜில்லாக் கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். விபத்து நஷ்டஈட்டு வழக்குகளும் அங்கே வருகின்றன. கோபுரம் தெரிகிற தூரத்தில், வராந்தாவில் கட்டுக் காகிதங்களோடு காத்திருக்கிற பெண்களை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். கல் கொஞ்சம் பெரிதாக இருந்து, தம்பியின் கை கொஞ்சம் நடுங்கியிருந்தால், எங்கள் தெருப் பாட்டி அந்தக் கூண்டில் ஏறி நின்றிருப்பாள். மகனையோ பேரனையோ பறிகொடுத்து நிற்கிறவளைப் பார்த்துக் கம்பெனி வக்கீல் அடக்கமான குரலில் முதல் கேள்வியாக, 'காரின் சொந்தக்காரர் உங்களுக்கு என்ன உறவு அம்மா?' என்று கேட்டிருப்பார்.